சனி மலையில், ஞாயிறு ஊரில்: சேலத்துக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

சேலத்துக்கு வருகிறேன் என்று போன் செய்கிற நண்பர்களில் முக்கால்வாசிப் பேர் அதே மூச்சில் "ஏற்காடு போகணும்" என்பார்கள். சேலம் அவர்களுக்கு ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறுகிற இடம், அவ்வளவுதான். சிலர் மட்டும் கொஞ்சம் தயங்கி, "ஞாயித்துக்கிழமை காலையில பூசை பாக்கணும், பக்கத்துல கோயில் இருக்கா?" என்று கேட்பார்கள். இப்படி வந்தவர்களுக்குச் சோறு போட்டு, வழி சொல்லி, சில தடவை தப்பான வழியும் சொல்லி, எனக்கு ஒரு கணக்கு கைவந்திருக்கிறது. அவர்கள் கேட்பது கிறிஸ்தவக் கோயிலை, நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரன், வீட்டுக்காரம்மா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். அதனால் இரண்டு பக்கத்துக் கோயில்களிலும் எங்கே செருப்பைக் கழற்றுவது, எப்போது எழுந்து நிற்பது என்பதெல்லாம் பழகிப்போனது.

அந்தக் கணக்கு இதுதான்: சனிக்கிழமை மலை, ஞாயிற்றுக்கிழமை ஊர். முக்கால்வாசிப் பேர் இதை மாற்றித்தான் செய்கிறார்கள். சனிக்கிழமை நண்பர் வீட்டில் பேசியே பொழுது போய்விடும். ஞாயிறு காலையில் அவசரமாகக் கோயிலுக்குப் போய்விட்டு, பதினொரு மணிக்கு மலையேறத் தொடங்குவார்கள். ஒரு மே மாத ஞாயிறு நானும் என் சித்தப்பா பையன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அப்படித்தான் கிளம்பினேன். மேலே மலர்க் கண்காட்சி. கொண்டை ஊசி வளைவுகளில் கார்கள் எறும்பு வரிசை மாதிரி நின்றன. பிள்ளைகள் மாறி மாறி வாந்தி எடுத்தன. ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. ஆளுக்கு ஒரு பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பினோம். ரயிலையும் தவறவிட்டார்கள். என் தம்பி இன்றைக்கும் ஏற்காடு என்றால் முகத்தைச் சுளிப்பான்.

நாள் பார்ப்பது

மழை ஓய்ந்த பிறகு வருவது நல்லது. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மலையும் பச்சையாக இருக்கும், ஊரும் வேகாது. ஏப்ரல், மே மாதங்களில் கீழே வெயில் மண்டையைப் பிளக்கும். மேலே குளுமைதான், ஆனால் அந்தக் குளுமையைத் தேடி எல்லாரும் வந்திருப்பார்கள். மாம்பழத்துக்காக வருகிறேன் என்றால் அது வேறு விஷயம், அதற்குக் கோடையில்தான் வந்தாக வேண்டும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை. ஊரே அம்மன் பக்கம் திரும்பிவிடும், பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வண்டி நகராது. திருவிழா பார்க்கிற ஆசை இருந்தால் அதற்காகவே வாருங்கள், மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

கோயிலுக்காக வருகிறவர்கள் தவக்காலத்தையும் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு) கிறிஸ்துமஸையும் யோசித்துக்கொள்ளுங்கள். குருத்து ஞாயிறு, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) மாதிரி நாள்களில் உள்ளே உட்கார இடம் கிடைக்காது. வெளியே பந்தலில் நின்று ஒலிபெருக்கியில்தான் கேட்க வேண்டியிருக்கும்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. சிரிக்காதீர்கள், கேட்டவர்கள் இருக்கிறார்கள். அது சென்னை சென்ட்ரலில் ராத்திரி கிளம்பி ஈரோடு போகிற வண்டி. சேலம் ஜங்ஷனில் இருட்டு பிரிவதற்கு முன்பே இறக்கிவிட்டுவிடும். தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டால் ஈரோட்டில்தான் கண் விழிப்பீர்கள், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக வருகிற சேலம் வண்டியும் உண்டு. அதில் வந்தால் சேலம் டவுன் ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம், பழைய ஊருக்கு அதுதான் கிட்ட.

ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், ஊருக்கு ஒரு ஓரம். அங்கிருந்து புது பஸ் ஸ்டாண்ட், பழைய பஸ் ஸ்டாண்ட் இரண்டுக்கும் டவுன் பஸ் உண்டு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்கள் இல்லை. வெளியூர் வண்டிகளும் ஏற்காடு வண்டியும் புது பஸ் ஸ்டாண்டில். கோட்டை, கடைவீதி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போவதற்குப் பழையது. பழையதை இடித்து ஈரடுக்கில் புதிதாகக் கட்டிவிட்டார்கள், பார்க்க அதுதான் புதுசு மாதிரி இருக்கிறது. ஆனால் பெயர் பழைய பஸ் ஸ்டாண்ட்தான். ஆட்டோக்காரரிடம் "பஸ் ஸ்டாண்டு" என்று மொட்டையாகச் சொன்னால் அவர் விருப்பத்துக்கு ஒன்றுக்குக் கொண்டுபோவார்.

தங்குவதற்கு ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்ட் சுற்றுவட்டாரம் வசதி. மலை மேல் அறை போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பனியில் விழித்தெழ ஆசை என்றால் வெள்ளி ராத்திரியே மேலே போய்த் தங்குங்கள், சனி ராத்திரி வேண்டாம். சனி ராத்திரி மேலே இருந்தால் ஞாயிறு காலை ஊர்க் கோயிலும் போச்சு, நண்பர் வீட்டுச் சாப்பாடும் போச்சு.

நண்பரிடம் முன்கூட்டியே பேசுவது

இதை யாரும் எழுதுவதில்லை. பயணம் கெடுவது பாதி இங்கேதான்.

"சேலம் வரேன்டா மாப்ள, சும்மா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்து நிற்காதீர்கள். சேலத்துக்காரன் சும்மா பார்க்கத் தெரியாதவன். சனிக்கிழமை லீவு போடுவான், யாரிடமாவது காரை இரவல் வாங்குவான், காலை ஆறு மணிக்கு ஜங்ஷனில் நிற்பான். அப்புறம் நாள் முழுக்க வண்டி ஓட்டுவான், நீங்கள் பின்சீட்டில் தூங்குவீர்கள். சாயங்காலம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. மலைக்கு பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ நீங்களே போய்க்கொள்ளுங்கள். நண்பருக்கு சனி ராத்திரிச் சாப்பாட்டைக் கொடுங்கள், ஏழு மணிக்கு மேல் அவர் நேரம். முடிந்தால் ஞாயிறு காலைக் கோயிலுக்குக் குடும்பத்தோடு அவரையும் வரச் சொல்லுங்கள். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் பெரும்பாலும் வருவார். என் இந்து நண்பர்கள் இரண்டு பேர் கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனையை என்னை விட ஒழுங்காகப் பார்ப்பவர்கள்.

வீட்டுக்குப் போகும்போது உங்கள் ஊர்ப் பலகாரம் எதையாவது எடுத்துப்போங்கள். மாம்பழம் மட்டும் வேண்டாம். சேலத்துக்காரன் வீட்டுக்கு மாம்பழத்தோடு போய் நின்றால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

சனிக்கிழமை: மலை

காலை ஏழு மணிக்குள் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிவிடுங்கள். ஊரிலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சுமார், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் அடிவாரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். குமட்டல் வருகிறவர்கள் வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, நான்கு தோசை தின்றுவிட்டும் ஏறக்கூடாது. இரண்டு இட்லி போதும். கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே, முன்பக்கத்து இருக்கையில் தூரத்தைப் பார்த்தபடி வாருங்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு: ஏறும்போது சிரமமில்லை, இறங்கும்போதுதான் ஆபத்து. பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் இறங்குங்கள். கியரில்லாத ஸ்கூட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். வளைவில் மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. குரங்குக்குத் தீனி போட வண்டியை நிறுத்தாதீர்கள், அது உங்கள் பையையும் கேட்கும்.

நாலைந்து வளைவு ஏறியதும் கீழே திரும்பிப் பார்த்தால் ஊருக்கும் மலைக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரியும். சுண்ணாம்பு என்று நினைப்பார்கள். அது மேக்னசைட், எங்கள் ஊர் வாயில் வெள்ளைக்கல். சூளைகளுக்கு உள்ளே பதிக்கிற, தீயைத் தாங்கும் செங்கல் செய்ய உதவுவது. அதற்கு மேலே போகப் போக சில்வர் ஓக் மரங்கள் நேர்கோட்டில் நிற்கும், மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர் இந்தக் காபி. கோடை மழை ஒன்று பெய்தால் செடி முழுக்க வெள்ளைப் பூ பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். அந்த மணம் சில நாள்தான் இருக்கும்.

மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏறியதும் எல்லாரும் ஏரிக்குப் போவார்கள். நீங்களும் போங்கள், ஒரு காபி குடியுங்கள், படகு ஏற ஆசை இருந்தால் கூட்டம் சேர்வதற்கு முன் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே நிற்கத் தேவையில்லை. கிளியூர் அருவிக்குப் போகலாமா என்றால், முந்தின வாரம் மழை பெய்ததா என்று கேளுங்கள். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அந்தப் பக்கம் விழுகிறது. மழை இல்லையென்றால் அத்தனை படி இறங்கி ஈரப் பாறையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வருவீர்கள். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் இரண்டில் ஒன்று போதும். பகலில் பகோடா பாயிண்ட், பொழுது சாய்கிற நேரத்தில் லேடீஸ் சீட். இருட்டத் தொடங்கியதும் அங்கிருந்து சேலத்து விளக்குகளைப் பார்க்கலாம்.

சேர்வராயன் கோயிலை விடாதீர்கள். ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், மலை உச்சியில் மேசை மாதிரி பரந்த சமவெளி, அதன் ஓரத்தில் குனிந்து போகிற குகைக்குள் சாமி. இந்த மலைத்தொடருக்கே அவர் பெயர்தான். வெள்ளைக்காரர் வாயில் அது ஷெவராய் ஆகிப்போனது. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமத்து ஜனங்கள் எல்லாம் வந்து சேர்வார்கள். அவர்களை மலையாளிகள் என்று சொல்வோம். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு மலையாளத்தில் பேசிப் பார்த்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மலையை ஆள்கிறவர்கள் மலையாளிகள். பேசுவது தமிழ்தான்.

இனி கோயில் தேடி வருகிறவர்களுக்கு. ஏற்காட்டில் கன்னியர் மடங்கள், குருமாணவர் இல்லங்கள், தியான இல்லங்கள் என்று நிறைய உண்டு. மான்ஃபோர்ட் பள்ளி 1917இலிருந்து இருக்கிறது. அதனால் கத்தோலிக்கருக்கு இங்கே பூசைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மடத்துச் சிற்றாலயங்கள் வெளியார் நினைத்த நேரத்துக்கு நுழைகிற இடமல்ல. வாசலில் இருக்கிற சிஸ்டரிடம் கேட்டு, அவர் சரி என்றால் போங்கள்.

நான் முதலில் கூட்டிப்போகிற இடம் ஹோலி டிரினிட்டி ஆலயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபித் தோட்டக்காரர்கள் கும்பிட்ட சின்ன ஆங்கிலக் கோயில். ஐந்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம், ஆனால் கல்லறைகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கற்களில் பாசி படர்ந்து, சில எழுத்துகளை விரலால் தடவித்தான் படிக்க வேண்டியிருக்கும். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையிலெடுத்து, இது தானாக உடைந்த கல்லில்லை, ஆதிமனிதன் செதுக்கிய கோடரி என்று கண்டுபிடித்தவர். இந்த மண்ணில் மனிதர் வாழ்ந்த கதையை லட்சக்கணக்கான வருஷம் பின்னால் தள்ளி வைத்தது அந்தக் கல். ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்கினார், இந்த மலையிலும் கற்காலக் கருவிகள் பொறுக்கினார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார், அஸ்தி மலைக்கு வந்தது.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் இருந்த பாதிரியார். அவர் அங்கே வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தபோது கூட இருந்து உதவியவர் ஆறுமுக நாவலர். ஆமாம், சைவத்துக்காகக் கிறிஸ்தவப் பாதிரிமாரோடு மல்லுக்கட்டிய அதே நாவலர்தான். பெர்சிவல் பின்னாளில் சென்னைக்கு வந்து, 1882இல் ஏற்காட்டில் காலமானார். பைபிள் கையில் வைத்திருக்கிற நண்பர்களிடம் இதைச் சொல்லும்போது, கல்லறைக்கு நடுவே நின்று ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள்.

பூட்டியிருந்தால் சுவர் ஏறிக் குதிக்காதீர்கள். பக்கத்தில் விசாரித்தால் ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வந்து திறந்துவிடுவார். அவர் கையில் கொடுக்க நினைப்பதை உண்டியலில் போட்டுவிட்டு, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவருக்குத் தெரிந்த கதைகள் எந்தப் பலகையிலும் இல்லை.

இறங்குவதற்கு முன் மிளகும் காபித்தூளும் வாங்கிக்கொள்ளலாம். சிக்கரி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். பருவம் இருந்தால் பட்டர் ஃப்ரூட், கொய்யா. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கிய உடனேயே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் கேட்பதில் அர்த்தமில்லை. ஸ்வெட்டர் பிள்ளைகளுக்குக் கட்டாயம். மே மாதத்தில்கூட ஐந்து மணிக்கு மேல் காற்று சில்லென்று இருக்கும்.

சனி சாயங்காலம்: தட்டுவடை செட்

மலையிலிருந்து இறங்கியதும் குளித்துவிட்டு நண்பர் வீட்டுக்கு நேராகப் போகாதீர்கள். போகிற வழியில் ஒரு தள்ளுவண்டியில் நில்லுங்கள். எந்தக் கடை என்று நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு சேலத்துக்காரனுக்கும் ஒரு கடை, அதற்காகச் சண்டை போடுவான். உங்கள் நண்பரையே அங்கே வரச் சொல்லுங்கள்.

தட்டுவடை என்றால் உளுந்து வடை இல்லை. பாதி உள்ளங்கை அகலத்தில், அப்பளம் மாதிரி மொறுமொறுப்பான குட்டித் தட்டை. கடைக்காரர் அதை வரிசையாகப் பரப்புவார். ஒவ்வொன்றின் மேலும் கரண்டி நுனியால் பச்சைச் சட்னி ஒரு தீற்று, காரச் சட்னி ஒரு தீற்று. அதன் மேல் துருவிய பீட்ரூட், காரட், பொடியாக அரிந்த வெங்காயம் ஒரு சிட்டிகை. எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. இன்னொரு தட்டுவடையை மூடி போட்டு ஓர் அழுத்து. மொத்தமும் கண் இமைக்கிற நேரம்தான், கை பேசாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். அதை முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிடலாம் என்று பார்த்தால் பீட்ரூட் சட்டையில் விழும், அந்தக் கறை போகாது. ஞாயிறு கோயிலுக்கு வைத்திருக்கிற வெள்ளைச் சட்டையோடு மட்டும் நிற்க வேண்டாம். அடுத்தது நொறுக்கல்: அதே சாமான்களை நொறுக்கிப் பிசைந்து கொடுப்பது. மாங்காய்ப் பருவத்தில் மாங்காய் போட்டும் வாங்கலாம். இரண்டு பேருக்கு ஒரு செட், ஒரு நொறுக்கல் போதும், வீட்டில் நண்பரின் அம்மா கோழிக் குழம்போடு காத்திருப்பார்.

வெள்ளிக் கொலுசு வாங்க நினைப்பவர்கள் இந்தச் சாயங்காலமே செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்விடுங்கள், ஞாயிறு கடை இருக்கும் என்று நம்பாதீர்கள். எடையை மட்டும் பார்க்காமல் எத்தனை டச் என்று கேளுங்கள். அது வெள்ளியின் சுத்தக் கணக்கு. கேட்டாலே கடைக்காரர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

நண்பர் வீட்டிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு எழுந்து கிளம்பிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் இரு கண்ணு" என்று அவருடைய அம்மா சொல்வார். இருந்தால் காலைப் பூசை போச்சு.

ஞாயிறு: கோயில்

எத்தனை கோயில் பார்க்கலாம் என்று கேட்டால், கும்பிட ஒன்று, பார்க்க ஒன்று. அதற்கு மேல் போனால் எதுவும் மனசில் நிற்காது. ஒரே காலையில் ஐந்து ஆலயம் ஏறி இறங்கிய குழு ஒன்றை எனக்குத் தெரியும். சாயங்காலம் போட்டோவைப் பார்த்து எது எந்தக் கோயில் என்று சண்டை போட்டார்கள்.

கத்தோலிக்கர்களுக்கு நாலு ரோடு பக்கம் குழந்தை இயேசு பேராலயம். சேலம் மறைமாவட்டத்தின் (கத்தோலிக்க ஆயர் ஒருவரின் பொறுப்பில் இருக்கிற பகுதி) தலைமைக் கோயில், மறைமாவட்டம் 1930இல் உருவானது. ஆனால் இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவ வேதம் வந்தது அதற்கு முந்நூறு வருஷம் முன்னால். மதுரையில் காவி உடுத்தி, பூணூல் போட்டு, தத்துவ போதகர் என்ற பெயரில் இருந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி 1623இல் வடக்கே நடந்து சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார்.

பூசை நேரத்தை நான் இங்கே எழுதவில்லை. தவக்காலம், திருவிழா, மழை எதற்கும் மாறும். சனிக்கிழமை ஊருக்குள் வரும்போதே கோயில் வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்களின் வட்டாரம்) அலுவலகத்துக்கு ஒரு போன். முதல் பூசைக்கே போவது நல்லது. வெயிலும் இருக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும், நாளும் மிச்சமாகும்.

சி.எஸ்.ஐ. பக்கம் என்றால் கலெக்டர் ஆபீஸ் வட்டாரத்தில் கிறைஸ்ட் சர்ச். சென்னைப் பல்கலைக்கழகத்து செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோல்ம் வரைந்த கோயில், 1870களில் எழும்பியது. கட்டடம் பார்க்க ஆசைப்படுபவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலிக்கன் சபை, லண்டன் மிஷன் சபை என்று தனித்தனியாக இருந்தவை 1947இல் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அதனால்தான் எங்கள் ஆட்களிலேயே சிலர் முழங்கால் படியிட்டு ஜெபிப்பார்கள், சிலர் உட்கார்ந்தபடி.

உள்ளே போனதும் கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு. செருப்பு: வாசலைப் பாருங்கள், குவிந்து கிடந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் வேண்டாம். கோயிலுக்குக் கோயில் மாறும். உட்காரும் இடம்: பழைய வழக்கம் இருக்கிற இடங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடும்பமாக வந்து நடுவில் குழம்பி நிற்பதை விட, பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தால் எல்லாம் புரிந்துவிடும். மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நற்கருணை (பூசையில் தருகிற அப்பம்) வாங்க வரிசையில் போகக்கூடாது, இருந்த இடத்திலேயே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிசெய்கிற சடங்கு) பெற்றவர்களுக்குத்தான் திருவிருந்து, அதாவது எங்கள் பக்கத்து அப்பமும் ரசமும். கத்தோலிக்கப் பூசை ஒரு மணி நேரத்தில் முடியும். எங்கள் ஆராதனை இரண்டு மணி நேரத்தைத் தொடும், பிரசங்கம் செய்கிற ஐயருக்கு (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) உற்சாகம் வந்தால் அதற்கு மேலும். காலைப் பலகாரத்தைக் கணக்குப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

போனை அணைத்துவிடுங்கள். சைலன்ட் போதாது. என் மனைவியோடு ஒரு பூசைக்குப் போயிருந்தபோது, எழுந்தேற்றம் (குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற நேரம்), மணியடித்து எல்லாரும் முழந்தாளிட்ட அந்த அமைதியில், என் சட்டைப் பையில் அலாரம் அடித்தது. சைலன்டில் போட்டிருந்தேன், அலாரத்துக்கு அது தெரியவில்லை. அதுவும் குத்துப்பாட்டு. பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்க்கவே இல்லை, அதுதான் பெரிய தண்டனை. பூசை முடிந்து வெளியே வந்தபோது அதே பாட்டி கேட்டார்: "தம்பி எந்த ஊரு? எந்தப் பங்கு?" நான் சி.எஸ்.ஐ. என்றேன். "அதான்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். புது முகம் என்றால் யாராவது வந்து ஊர், பங்கு, யார் வீட்டுக்கு வந்தது என்று விசாரிப்பார்கள். நழுவாதீர்கள், பதில் சொல்லுங்கள். இரண்டாவது நிமிடத்தில் உங்கள் ஊரில் அவர்களுக்கு ஒரு மச்சான் இருப்பது தெரியவரும். நல்ல மெஸ் எது, ரயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். போட்டோ எடுப்பதென்றால் எல்லாம் முடிந்த பிறகு. பலிபீடத்துப் பக்கம் ஏறாமல், கேட்டுவிட்டு.

மிச்சமிருக்கிற பகல்

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர், சுகவனேஸ்வரர், ஜாமியா மசூதி நான்கும் நடக்கிற தூரத்தில். கோட்டை மாரியம்மன் இந்த ஊர் எட்டுப்பேட்டை மாரியம்மன்களுக்கும் பெரியவள். சுகவனேஸ்வரர் கோயில் முருகனை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள், பதினோரு மணிக்குள் போய்விடுங்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுங்கள். வெயிலில் சுற்றி ஒன்றும் கிடைக்காது. நாலரை மணிக்கு மேல் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போகலாம். ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரிய ஏரி. நடுவில் அவர்கள் எழுப்பிய மண்திட்டுகளில் மரம் வளர்ந்து, சாயங்காலம் பறவைகள் வந்து அடையும். பின்னால் சேர்வராயன் மலை. காலையில் கோயிலுக்கு வந்த நண்பரையும் பிள்ளைகளையும் இங்கேயே வரச் சொல்லிவிட்டால், வழியனுப்புகிற வேலையும் இங்கேயே முடிந்துவிடும். ஜங்ஷன் வரைக்கும் அவரை இழுக்க வேண்டாம்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள், ஐந்து ரோட்டில் ஞாயிறு சாயங்காலம் வண்டி நகராது. மாம்பழப் பருவமாக இருந்தால் மல்கோவா வாங்குங்கள். ஆனால் பழுத்ததாக வேண்டாம், காம்புப் பக்கம் லேசாக மணம் வருகிற காயாகப் பார்த்து எடுத்து, வைக்கோலில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பெட்டியை மேல் பெர்த்தில் வைக்காதீர்கள், சீட்டுக்குக் கீழே வையுங்கள். வீட்டுக்குப் போய் இரண்டு நாளில் பழுக்கும்.